மையத்திலிருந்து வந்தவர் எங்கே படுப்பார்? ஆதரவு வீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சித்தப்பா மூன்று முறை குடி மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தவர். உள்ளே இருந்தவரை ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. வெளியே வந்த சில வாரங்களில் ஒவ்வொரு முறையும் பழையபடி ஆனது. மூன்றாவது முறை அவருக்குக் கதவைத் திறக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்தார். அவருக்கு வைத்தியமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வைத்தியம் முடிந்த அன்று சாயங்காலம் போய்த் தலை சாய்க்க ஒரு இடம்தான் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை, எனக்குத் தெரிந்த பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றிய முடிவுகளை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஆதரவு வீடு என்றால் என்ன? மறுவாழ்வு மையமும் அதுவும் ஒன்றா?

இல்லை. மறுவாழ்வு மையம் என்பது வைத்தியத்துக்கான இடம். முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று ஒரு கணக்கு இருக்கும். அது முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இரவுத் தங்குமிடம் என்பது ஒரு பாய், ஒரு கூரை, சில இடங்களில் சாப்பாடு. நாளைக்கும் அதே பாய் கிடைக்குமா என்பது நாளைக்குத்தான் தெரியும்.

ஆதரவு வீட்டில் இருப்பவர் அங்கே குடித்தனக்காரர். அவருக்கென்று ஓர் அறை, ஒரு சாவி. வாடகையில் ஒரு பங்கை அவரே தருவார். அதோடு, அவரை அடிக்கடி வந்து பார்க்கிற ஒருவர் இருப்பார். மருத்துவரிடம் அழைத்துப் போக, தொலைந்த அடையாள அட்டையை மறுபடி வாங்கித் தர, வேலை தேடித் தர, சில நாள் சும்மா உட்கார்ந்து பேச. வீடு, துணை இரண்டும் சேர்ந்தால்தான் அது ஆதரவு வீடு. ஆள் துணை இல்லாமல் வெறும் அறையை மட்டும் கொடுத்தால் தனிமையே ஆளைத் தின்றுவிடும்.

குடியால் தெருவுக்கு வந்தார்களா, தெருவுக்கு வந்ததால் குடிக்கிறார்களா?

இரண்டும் நடக்கிறது. குடி முற்றிய பிறகு வேலை போகும், வாடகை பாக்கி விழும், வீட்டில் உறவு அறும். அந்தப் பாதை நமக்கெல்லாம் தெரியும். எதிர்ப்பக்கத்தை அவ்வளவாக நாம் யோசிப்பதில்லை. பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு ராத்திரி என்பது காவல் காக்கிற வேலை. பை களவு போகலாம், யாராவது அடிக்கலாம், போலீஸ் எழுப்பலாம். பெண்களுக்கு இதைவிடப் பெரிய பயம். கொசு, மழை, வெளிச்சம், வண்டிச் சத்தம். இத்தனைக்கும் நடுவில் தூங்க வைக்க ஒரு குவார்ட்டர்தான் அவர்கள் கைக்கு எட்டும் மருந்து.

அந்த ஆளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் எங்கே வைத்துக்கொள்வார்? அடுத்த வாரம் வரச் சொன்னால் எந்தக் காலண்டரைப் பார்ப்பார்? குளிக்காமல், துவைத்த சட்டை இல்லாமல் வேலை கேட்டு யார் முன்னால் நிற்பார்? குடியை நிறுத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிப் பார்த்தால், அதில் முக்கால்வாசி ஒரு கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது.

முதலில் குடியை விடட்டும், பிறகு வீடு தரலாம். அதுதானே நியாயம்?

ரொம்ப நாள் பல நாடுகளிலும் இப்படித்தான் யோசித்தார்கள். ஒருவர் முதலில் தங்குமிடத்துக்கு வர வேண்டும். அங்கே ஒழுங்காக இருந்தால் விடுதி, விடுதியில் குடிக்காமல் இருந்தால் பகிர்ந்து வாழும் வீடு, அதையும் தாண்டினால் கடைசியில் தனி வீடு. மாடிப்படி மாதிரி ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஒரு படியில் சறுக்கினால் மறுபடி தெரு. பெரும்பாலானவர்கள் நடுப்படியிலேயே உருண்டு விழுந்தார்கள். உடம்பும் மனமும் மிகவும் கெட்டவர்கள் முதல் படியிலேயே கால் வைக்கவில்லை.

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாகப் புரட்டினார். பாத்வேஸ் டு ஹவுசிங் என்ற அமைப்பைத் தொடங்கி, மனநோயும் போதைப் பழக்கமும் சேர்ந்து தெருவில் கிடந்தவர்களுக்கு எடுத்த எடுப்பில் சாதாரணக் குடியிருப்புகளில் தனி வீடு கொடுத்தார். குடியை விட வேண்டும், மருந்து சாப்பிட வேண்டும் என்ற முன் நிபந்தனை கிடையாது. தங்கள் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகத் தர வேண்டும், உதவிக் குழுவினர் வீட்டுக்கு வந்தால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இந்த முறைக்கு 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்' என்று பெயர், அதாவது முதலில் வீடு.

225 பேரை, முதலிலேயே வீடு பெறுகிறவர்கள், பழைய மாடிப்படி முறையில் போகிறவர்கள் என்று இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. முதலிலேயே வீடு பெற்றவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். குடி, போதை அளவில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறைக்க விரும்பவில்லை. வீடு கொடுத்ததும் குடி தானாக நின்றுவிடவில்லை. அதே சமயம், 'நிபந்தனை இல்லாமல் வீடு கொடுத்தால் இன்னும் கெட்டுப்போவார்கள்' என்ற பயமும் பொய்யானது. நிபந்தனை போட்ட இடத்திலும் குடி அதே அளவில்தான் இருந்தது, ஆனால் அங்கே பலருக்கு வீடு இல்லாமல் இருந்தது. எது மேல் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

கனடாவில் 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொரான்டோ, மாண்ட்ரியல், மாங்டன் ஆகிய ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இதையே பெரிய அளவில் சோதித்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதமும் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள், ஹவுசிங் ஃபர்ஸ்ட் பிரிவில் 62 சதவீதம். வழக்கமான உதவிகள் மட்டும் பெற்ற பிரிவில் 31 சதவீதம்.

வீட்டுக்குள்ளேயே குடிக்க விட்டால் இன்னும் கூடுதலாகத்தானே குடிப்பார்கள்?

எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம்தான் வந்தது. இதற்கு நேரான பதில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இருக்கிறது.

அங்கே 2005 கடைசியில் '1811 ஈஸ்ட்லேக்' என்று ஒரு கட்டடம் திறந்தார்கள். கட்டடத்தின் முகவரிதான் பெயர். 75 பேருக்கு இடம். யாருக்கு? பல வருடங்களாகத் தெருவில் கிடந்து, முற்றிய குடிநோயாளிகளாக ஆகி, ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, சிறை என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு. அரசுக்கு அதிகச் செலவு வைத்தவர்கள் யார் யார் என்று பார்த்து அவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அறைக்குள் குடிக்கலாம், தடை இல்லை. ஊரில் பெரிய எதிர்ப்பு. வரிப் பணத்தில் குடிகாரர்களுக்குச் சத்திரமா என்று கேட்டார்கள்.

வீடு பெற்ற 95 பேரையும், காத்திருப்புப் பட்டியலில் இருந்த 39 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2009இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. வருவதற்கு முன்பு, வீடு பெற்றவர்களைக் குடிக்கும் அளவுப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் வரும் ஆள் ஒரு நாளைக்கு 15.7 'டிரிங்க்' அளவு குடித்தார் (ஒரு டிரிங்க் என்பது ஏறத்தாழ 45 மில்லி பிராந்தி அல்லது விஸ்கி). ஆறு மாதத்தில் அது 14.0 ஆனது, ஒன்பதாவது மாதத்தில் 12.5, ஒரு வருடத்தில் 10.6. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஏன் குறைந்தது? எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தெருவில் இருப்பவர் கையில் கிடைத்ததை உடனே குடித்து முடித்தாக வேண்டும். மிச்சம் வைத்தால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள், போலீஸ் கொட்டிவிடும். பூட்டுப் போட்ட அறையில் பாட்டிலை மூடி வைத்துவிட்டுத் தூங்கலாம். தூக்கம் வந்தால் சாப்பாடு இறங்கும். சாப்பாடு இறங்கினால் கை நடுக்கம் கொஞ்சம் குறையும். நாளைக்கு விழிக்கும்போதும் இதே அறை இருக்கும் என்று தெரிந்தால், இன்றைக்கு எல்லாவற்றையும் மறந்தாக வேண்டிய அவசரம் தணிகிறது.

பத்து டிரிங்க் என்பதும் அதிகம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், அதிகம்தான். அவர்கள் குணமாகிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிளாட்பாரத்தில் சாகப் போகிறவர் என்று எல்லோரும் கைவிட்ட ஒருவர், பூட்டித் திறக்கும் கதவுக்குப் பின்னால், நர்ஸ் வந்து பார்க்கும் இடத்தில், முன்பைவிடக் குறைவாகக் குடிக்கிறார். அதன் பெறுமதி அவரை நேசிப்பவர்களுக்குத் தெரியும்.

குடியை ஏற்கெனவே விட்டவருக்கும் இதே வீடா?

வேண்டாம். குடியை விட்டு இருபது நாள் ஆனவரை, பக்கத்து அறையில் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்கிற இடத்தில் குடிவைப்பது கொடுமை. அவர்களுக்கு வேறு மாதிரி வீடு இருக்கிறது. அதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

1975. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊர். குடியை விட்ட ஆண்கள் தங்கும் ஒரு விடுதி இருந்தது. உள்ளூர் அரசு நடத்தியது. செலவைக் குறைக்க அதை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் ஒருவர் பால் மோலாய். நல்ல வேலையில் இருந்த வழக்கறிஞர், குடியால் வேலையையும் குடும்பத்தையும் இழந்தவர். அவரும் கூட இருந்தவர்களும் சேர்ந்து, விடுதி மூடினால் என்ன, அதே வீட்டை நாமே வாடகைக்கு எடுத்து நடத்துவோம் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்.

வார்டன் கிடையாது, சம்பள ஆள் கிடையாது. இருப்பவர்களே வாராவாரம் கூடி உட்கார்ந்து பேசுவார்கள், ஓட்டுப் போட்டு முடிவு எடுப்பார்கள். வாடகையையும் கரண்ட் பில்லையும் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுவார்கள். தலைவர், கணக்காளர் பொறுப்புகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கைமாற வேண்டும். ஒருவரே நாற்காலியில் ஒட்டிக்கொள்ள முடியாது. புதிதாக ஒருவர் வர வேண்டுமானால் இருப்பவர்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். யாராவது மறுபடி குடித்தால், போதை எடுத்தால், வெளியேற வேண்டும். அதில் மட்டும் தயவு தாட்சண்யம் இல்லை.

அவர்கள் எடுத்த இன்னொரு முடிவு என் மனதில் நின்றுவிட்டது. பழைய விடுதியில் ஆறு மாதம் ஆனால் கிளம்ப வேண்டும் என்ற விதி இருந்தது. தயாராகாமல் கிளம்பியவர்கள் பலர் மறுபடி குடியில் விழுந்ததை இவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதனால் புது வீட்டில் காலக்கெடுவே வைக்கவில்லை. குடிக்காமல் இருந்து பங்குப் பணம் கட்டும்வரை, எத்தனை வருடமானாலும் இருக்கலாம்.

இன்று அமெரிக்காவில் இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, குழந்தைகளோடு இருக்கும் தாய்மார்களுக்கும் சில. டீபால் பல்கலைக்கழகத்தின் லியோனார்டு ஜேசன் குழு, சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸுக்குப் போனவர்களில் 31.3 சதவீதம் பேர் மறுபடி குடி அல்லது போதைக்குத் திரும்பியிருந்தார்கள். வழக்கமான பின்தொடர் உதவிக்கு அனுப்பப்பட்டவர்களில் அது 64.8 சதவீதம். சிகிச்சை இருவருக்கும் ஒன்றுதான், திரும்பிப் போன இடம்தான் வேறு. சித்தப்பாவை நினைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டும் நேர் எதிராக இருக்கிறதே, எது சரி?

ஆளைப் பொறுத்தது. நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்து, உடம்பிலிருந்து போதை இறங்கி, தன்னைப் போன்ற மற்றவர்களின் துணை தேடுகிறவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் மாதிரி வீடு. நிறுத்துவது என்ற எண்ணமே வராத நிலையில், தெருவில் உயிர் போய்க்கொண்டிருப்பவருக்கு நிபந்தனை இல்லாத வீடு. ஓர் ஊரில் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரவும் வழி வேண்டும். முதல் வகையில் குடித்துவிட்டு வெளியேற்றப்பட்டவர் நேராகப் பிளாட்பாரத்துக்குப் போகக் கூடாது, இரண்டாம் வகை வீட்டின் கதவு அவருக்குத் திறந்திருக்க வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் வீணா?

இல்லை. குடிநோய் சர்க்கரை நோய் மாதிரி நீண்ட நாள் நோய். சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் மருத்துவமனையிலிருந்து நோயாளியைத் துரத்துவதில்லை. ரிலாப்ஸ், அதாவது விட்ட பழக்கம் திரும்புவது, பலருக்கு வரும், சிலருக்குப் பல முறை வரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஹெராயின் போன்ற அபின் வகைப் போதையை விட்டு சில வாரம் ஆனவர்களுக்கு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். சிகிச்சை முடிந்து வந்த முதல் சில வாரங்கள்தான் அவர்களுக்கு மிக ஆபத்தான காலம். போக இடமில்லாமல் வெளியே அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

நாங்களே வீட்டில் ஒரு ரூமில் வைத்துப் பூட்டி நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்கு இல்லாதது தெரியும், இல்லாத குரல் கேட்கும், ஆள் அடையாளம் மறக்கும், காய்ச்சல் ஏறும். இதில் உயிரே போகும். முதலில் மருத்துவமனைதான். அங்கே மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். பூட்டி வைப்பதும் சங்கிலி போடுவதும் வைத்தியம் அல்ல, குற்றம்.

இதற்கெல்லாம் யார் செலவு செய்வது?

செலவு இப்போதே நடந்துகொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. சியாட்டிலில் அந்த 95 பேருக்கும் முந்தைய ஒரு வருடத்தில் மட்டும் ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், சிறை, போதை இறக்கும் மையம் என்று 80 லட்சம் டாலருக்கு மேல் பொதுப் பணம் போயிருந்தது. வரிசையின் நடுவில் வரும் ஆளுக்கு மாதம் சுமார் 4,066 டாலர் என்றிருந்த செலவு, வீடு கொடுத்து ஆறு மாதத்தில் 1,492 ஆகவும் ஒரு வருடத்தில் 958 ஆகவும் இறங்கியது. வீட்டுக்கு ஆன செலவைச் சேர்த்த பிறகும் மிச்சம்தான்.

எல்லோருக்கும் இப்படி மிச்சமாகாது. தெருவில் இருந்தும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத ஒருவருக்கு வீடு கொடுத்தால் செலவு கூடத்தான் செய்யும். அவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு வந்தால் பயமாக இருக்காதா?

பயம் இயல்புதான். அமெரிக்காவில் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் வாழ்ந்த ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸைக் காலி செய்ய வைக்கப் பார்த்தார்கள். ஒரே குடும்பமாக இல்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது என்று ஊர் விதி இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த விதியைக் காட்டி, வீடு விஷயத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்திலிருந்து ஊர் தப்பித்துக்கொள்ள முடியாது என்று 1995இல் தீர்ப்பு வந்தது.

சட்டத்தை விடுங்கள். குடித்தால் அன்றே வெளியேற வேண்டும் என்ற விதியோடு ஏழெட்டுப் பேர் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு வாழும் வீடு, யாருமே கவனிக்காமல் ஒருவர் தனியே குடித்துக்கொண்டிருக்கும் வீட்டைவிடப் பயப்பட வேண்டிய இடமா? அந்த இரண்டாவது வகை வீடு எந்தத் தெருவில் இல்லை?

ஒரு நாடு முழுவதும் இதைச் செய்து காட்டியிருக்கிறதா?

பின்லாந்து. 2008இல் நீண்ட காலமாக வீடில்லாமல் இருப்பவர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்க ஒரு தேசியத் திட்டம் தொடங்கினார்கள். இரவுத் தங்குமிடங்களை ஒவ்வொன்றாக மூடி, அவற்றையே வீடுகளாக மாற்றினார்கள். ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய 250 படுக்கைத் தங்குமிடம் ஒன்று 81 தனிக் குடியிருப்புகளாக ஆனது. அந்த நகரில் 1985இல் 2,121 தங்குமிடப் படுக்கைகள் இருந்தன, 2016இல் 52.

குடியிருப்பவர் கையில் முறையான வாடகை ஒப்பந்தம் உண்டு. வாடகையில் ஒரு பகுதியை அரசின் வீட்டு உதவித்தொகை தாங்குகிறது. 2024இல், பல வருடங்களுக்குப் பிறகு, வீடற்றவர் எண்ணிக்கை அங்கே கொஞ்சம் ஏறியது. அந்த உதவித்தொகையில் கை வைத்ததைப் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள்.

சரி, தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது?

துண்டு துண்டாக நிறைய இருக்கிறது, சேர்த்துத் தைத்த ஒன்று இல்லை.

சிகிச்சைப் பக்கம் முதலில். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடி. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களைத் தமிழக அரசு திறந்தது. இருந்தும் தேவை மலை மாதிரி இருக்கிறது. 2019இல் வெளிவந்த எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

தங்குமிடப் பக்கம்: ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து, என்று 2010இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து வீடற்றோர் காப்பகங்களை நடத்துகிறது. அவை இல்லாவிட்டால் பலர் மழையில் செத்திருப்பார்கள். ஆனால் அவை வீடுகள் அல்ல. குடித்துவிட்டு வருபவரைச் சேர்ப்பதும் அங்கே கஷ்டம், நாற்பது ஐம்பது பேர் படுக்கும் கூடத்தில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வீட்டுப் பக்கம் நமக்கு உண்மையிலேயே பெருமைப்பட ஒன்று இருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, 2015இலிருந்து 'ஹோம் அகெயின்' என்ற திட்டத்தை நடத்துகிறது. மனநோயால் தெருவுக்கு வந்து, சிகிச்சை பெற்றும் திரும்பிப் போக வீடில்லாத பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். கூடவே துணைக்கு ஒரு பணியாளர். அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். இது குடிநோயாளிகளுக்கான திட்டம் அல்ல. ஆனால் நம் ஊரில், நம் ஹவுஸ் ஓனர்களிடம் அட்வான்ஸ் கொடுத்து, நம் அக்கம்பக்கத்தாரோடு இது நடக்கும் என்பதை அது காட்டிவிட்டது. குடியை விட்டவர்களுக்கும் இப்படிச் செய்ய முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சட்டமும் நம் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடி மற்றும் போதைப் பழக்கத்தோடு தொடர்புள்ள மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. ஆதரவு வீடுகளையும் அரசு செய்து தர வேண்டிய சேவைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. போக வீடில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. மதுச் சில்லறை விற்பனையை 2003லிருந்து டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிற மாநிலம் இது. அந்த வருமானத்திலிருந்து மாவட்டத்துக்குப் பத்து வீடாவது வாடகைக்கு எடுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

மையத்தில் சேர்க்கும்போது குடும்பத்தார் என்ன கேட்க வேண்டும்?

சேர்க்கும் அன்றே, "டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் யோசியுங்கள். மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள், நாங்கள் வந்து பார்க்கலாமா, போனில் பேசலாமா? பார்க்கவே விடாத இடம், அடி உதை கொடுக்கும் இடம், பதிவுச் சான்றைக் காட்டாத இடம் எதிலும் சேர்க்காதீர்கள்.

வீட்டுக்கே கூட்டி வருவதாக இருந்தால்?

நல்லதுதான், முடிந்தால். ஆனால் பேசி முடிவு செய்துகொண்டு கூட்டி வாருங்கள். வீட்டில் பாட்டில் இருக்கக் கூடாது. மற்ற யாரும் வீட்டில் குடிக்கக் கூடாது. கையில் மொத்தமாகப் பணம் வேண்டாம், ஆனால் பிச்சை கேட்பது மாதிரி பஸ் காசுக்கு நிற்க வைக்கவும் வேண்டாம். காலையில் எழுந்து போக ஏதாவது ஒரு வேலை, சாயங்காலம் ஏஏ கூட்டம் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம்). அந்தச் சாயங்கால ஆறு மணிதான் எங்கள் வீட்டில் எப்போதும் கஷ்டமான நேரம். கடை வழியாக நடக்காமல் வீட்டுக்கு வர வேறு பாதை இருக்கிறதா என்றுகூட நாங்கள் பார்த்தோம்.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால், கூட்டி வர மாட்டேன் என்று சொல்வது பாவமில்லை. ஒரு மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பயமில்லாத வீடு வேண்டும். அவர் போய் இருக்க வேறு ஒரு நல்ல இடம் ஊரில் இல்லாததால்தான், இரண்டு பேரில் ஒருவரைத் தெருவுக்கு அனுப்ப வேண்டிய நிலை வருகிறது. அந்தப் பழியை அந்தப் பெண் சுமக்கக் கூடாது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. எங்கள் சித்தி போகிறார்.

தெருவில் ஒருவரைத் தினமும் பார்க்கிறேன். இன்றைக்கு நான் என்ன செய்யலாம்?

முதலில் பெயரைக் கேளுங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். வலிப்பு, நினைவிழப்பு, ரத்த வாந்தி, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 108. மயங்கிக் கிடந்தால் மல்லாக்கப் படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைக்காது.

அவசரம் இல்லையென்றால், போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம். தமிழ்நாடு சுகாதார உதவிக்கு 104. தங்க இடம் வேண்டுமானால், பக்கத்தில் வீடற்றோர் காப்பகம் எங்கே என்று மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அவர் வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த நாளும் அதே வழியாகப் போய், அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.